ஜாம்பியா காப்பர் காசு எங்க போகுது? கணக்க வெளியிட்டா மட்டும் போதுமா?

முத்துநகர் மீனா

காப்பர்னு எங்க எழுதியிருந்தாலும் தூத்துக்குடிக்காரி கண்ணு அங்கதான் போகும், அதனால இந்த திரிய ஆரம்பிக்கேன். ஜாம்பியாவுல சிங்கோலான்னு ஒரு ஊரு, அங்க கொங்கோலா காப்பர் மைன்ஸ், சுருக்கமா கேசிஎம். 2004ல வேதாந்தா (எங்க ஊரு ஸ்டெர்லைட் ஆலைக்காரங்கதான்) அதுல 51 சதவீதம் வாங்குச்சு, முதல்ல கையில குடுத்த ரொக்கம் 25 மில்லியன் டாலர். 2014ல பெங்களூர்ல ஒரு கூட்டத்துல வேதாந்தா தலைவர் அனில் அகர்வாலே மேடையில நின்னு, அந்த சுரங்கம் வருஷத்துக்கு 500 மில்லியன் டாலருக்கு குறையாம தருதுன்னு பெருமையா சொல்லுதாரு. அந்த வீடியோ ஜாம்பியா போயி சேந்ததும் ஊரே கொந்தளிச்சுது, ஏன்னா அதுக்கு முந்துன வருஷம்தான் அதே சுரங்கம் காசு இல்ல ஆளக் குறைக்கணும்னு சொல்லி அரசாங்கத்தோட மல்லுக்கட்டிட்டு இருந்துச்சு. மேடையில ஒரு கணக்கு, வரி ஆபீஸ்ல ஒரு கணக்கா?

2019ல அரசாங்கம் கம்பெனிய லிக்விடேட்டர் (கம்பெனிய கலைச்சு கடன தீர்க்க நியமிக்கிற ஆளு) கையில குடுத்துச்சு, ஆட்சி மாறி 2024ல திரும்ப வேதாந்தா கைக்கே வந்துட்டு. நடுவுல சிங்கோலா சனத்துக்கு என்ன கெடச்சுதுன்னு யாருக்கும் தெரியாது. நான் கேக்கது சிம்பிள். எவ்வளவு வெட்டுதான், யாருக்கு விக்கான், என்ன விலைக்கு விக்கான், எவ்வளவு வரி கட்டுதான், இந்த நாலையும் பொதுவுல போட்டா இந்த மாதிரி கூத்து நடக்குமா?

பம்ப் செந்தில்

நடக்கும்ங்க. நல்லாவே நடக்கும்.

நான் அந்த காப்பர்பெல்ட் (ஜாம்பியாவோட காப்பர் சுரங்க மாகாணம்) பக்கம் சில வருஷம் வேலை பார்த்தவன் (எந்த கம்பெனின்னு கேக்காதீங்க), அதனால சொல்றேன், மேடைப்பேச்ச வச்சு பேலன்ஸ் ஷீட் போடாதீங்க. 500 மில்லியன்னா அது வரவா, லாபமா, வட்டி தேய்மானம் கழிக்கிறதுக்கு முந்துன தொகையா, ஒன்னும் தெளிவு இல்ல. ஒரு முதலாளி கூட்டத்துல கைதட்டு வாங்கறதுக்கு சொன்னத எடுத்து வச்சுட்டு திருட்டுன்னு சொல்லிடறோம்.

அந்த கொங்கோலா சுரங்கம் உலகத்துலயே ரொம்ப தண்ணி ஊறுற சுரங்கங்கள்ல ஒன்னு, ஒரு நாளைக்கு சுமார் மூணு லட்சம் கன மீட்டர் தண்ணிய இறைச்சு வெளிய தள்ளணும், ஒரு நாள் பம்ப் நின்னா அடித்தளம் மூழ்கிடும். நெய்வேலியில தண்ணி இறைக்கிறத பார்த்து வளர்ந்தவன் நான், எனக்கே மலைப்பு தட்டுச்சு. அந்த கரண்ட் பில்ல யாரும் பேச மாட்டாங்க. அப்புறம் வரலாறும் கொஞ்சம் பாருங்க. 1969ல அதிபர் கவுண்டா காலத்துல 51 சதவீதம் அரசாங்கத்துக்குன்னு அறிவிச்சாங்க, அப்புறம் எல்லாத்தையும் சேர்த்து ஜெட்சிசிஎம்னு ஒரு அரசு கம்பெனி ஆக்குனாங்க, 70கள் ஆரம்பத்துல வருஷம் 7 லட்சம் டன்னுக்கு மேல எடுத்த நாடு 2000 வாக்குல இரண்டரை லட்சம் டன் பக்கம் வந்து நின்னுச்சு. 90கள்ல ஒரு நாளைக்கு ஒரு மில்லியன் டாலர் நஷ்டம்னு அங்க பழைய ஆளுங்க இன்னும் சொல்லுவாங்க. ஆங்கிலோ அமெரிக்கன் மாதிரி பெரிய கம்பெனியே 2000ல வாங்கி 2002ல போதும்டா சாமின்னு விட்டுட்டு ஓடிப்போன சுரங்கம் அது. அதான் 25 மில்லியனுக்கு கிடைச்சுது. வெளிப்படைத்தன்மை இல்லாததால இல்ல, அன்னைக்கு அத வாங்க ஆளே இல்ல.

கணக்குப்பிள்ளை

செந்தில் சொல்றதுல பாதி சரி. மீதி பாதிய நான் சொல்றேன், நான் ஆடிட் லைன்ல இருந்து ரிட்டயர் ஆனவன்.

ஆளே இல்லாததால சீப்பா குடுத்தாங்க, ஒத்துக்கிறேன். ஆனா என்ன குடுத்தாங்கன்னு நாட்டு மக்களுக்கு சொன்னாங்களா? 1997ல இருந்து 2000 வரைக்கும் ஒவ்வொரு சுரங்கமா வித்தப்போ ஒவ்வொரு கம்பெனியோடயும் தனித்தனியா டெவலப்மென்ட் அக்ரிமென்ட் போட்டாங்க, அத்தனையும் ரகசியம். சட்டத்துல ராயல்டி (வெட்டி எடுக்கற தாதோட மதிப்புல அரசாங்கத்துக்கு கட்டற பங்கு) 3 சதவீதம்னு இருந்தப்போ அக்ரிமென்ட்ல 0.6 சதவீதம். அதுவும் 15 வருஷம், 20 வருஷத்துக்கு மாத்த மாட்டோம்னு உறுதி. 2003க்கு அப்புறம் சீனா வாங்க ஆரம்பிச்சு காப்பர் விலை நாலு மடங்கு ஏறுச்சு, ஜாம்பியா கஜானாவுக்கு ராயல்டியா வந்தது அந்த 0.6 தான். நாடாளுமன்றத்துல உக்காந்திருந்தவனுக்கே தான் நாடு என்ன கையெழுத்து போட்டிருக்குன்னு முழுசா தெரியாது. அன்னைக்கு இந்த அக்ரிமென்ட் வெளிய இருந்திருந்தா 0.6ங்கிற நம்பர் அவ்வளவு வருஷம் தாங்கியிருக்காது.

2008ல சட்டம் போட்டு அந்த அக்ரிமென்ட்ட எல்லாம் ஓரங்கட்டிட்டு ராயல்டிய 3 ஆக்குனாங்க, விலை ஏறுனா எடுக்கற விண்ட்ஃபால் வரியும் கொண்டு வந்தாங்க. அதே வருஷக் கடைசியில உலக நெருக்கடி, விலை விழுந்துச்சு, 2009ல விண்ட்ஃபால் வரிய தூக்கிட்டாங்க. அதுக்கப்புறம் விலை திரும்ப உச்சத்துக்கு போச்சு, அது வேற கொடுமை.

வெட்டிப்பேச்சு வேலு

ஏம்பா இங்க பாலாத்து மணல் எங்க போச்சுன்னு கேக்க நாதியில்ல, ஜாம்பியா காப்பர் தேடி கெளம்பிட்டீங்க 😂

மட்டுறுத்துநர்

வேலு, மணலுக்கு தனித் திரி ஓடிட்டு இருக்கு, அங்க போங்க. இங்க ஜாம்பியா மட்டும்.

டொரொன்டோ ரமணன்

வணக்கம். நான் இஞ்ச கனடாவில இருக்கிறன், ஃபர்ஸ்ட் குவாண்டம் எண்ட சுரங்கக் கம்பனி பங்கு கொஞ்சம் வச்சிருக்கிறன் எண்டபடியால் ஜாம்பியா செய்தி எல்லாம் பாக்கிறனான். கன்சான்ஷி சுரங்கம் அவையின்ரதான்.

தங்கச்சி மீனா கேட்ட நாலில கனக்க விசயம் ஏற்கனவே வெளியில கிடக்கு. கனடாவில 2015 நடுப்பகுதியில இருந்து ஒரு சட்டம் நடைமுறையில இருக்கு, எஸ்ட்மா எண்டு சொல்லுவினம், இஞ்ச பங்குச்சந்தையில இருக்கிற சுரங்கக் கம்பனி எந்த நாட்டு அரசாங்கத்துக்கு எந்த சுரங்கத்துக்காக எவ்வளவு கட்டினது எண்டு வருசா வருசம் அறிக்கை போட வேணும், ஒரு லட்சம் டொலருக்கு மேற்பட்ட எல்லாக் கொடுப்பனவும் அதுக்குள்ள வரும். அது போக ஜாம்பியா ஈஐடிஐ எண்ட சர்வதேச வெளிப்படைத்தன்மை அமைப்பில 2009ல சேந்தது, ஒஸ்லோவில தலைமையகம் இருக்கே அதுதான், 2012ல எல்லா விதியையும் நிறைவேற்றின நாடு எண்டு பேரும் எடுத்துப்போட்டுது. கம்பனி கட்டினம் எண்டு சொன்ன தொகையும் அரசாங்கம் வாங்கினம் எண்டு சொன்ன தொகையும் பக்கத்தில பக்கத்தில வச்சு அறிக்கை வரும். எந்த நிலத்துக்கு ஆர் லைசென்ஸ் வச்சிருக்கினம் எண்டு இணையத்தில வரைபடமே இருக்கு, வீட்டில இருந்தபடியே பாக்கலாம். எங்கட இலங்கையில இப்பிடி ஒண்டை நினைச்சுப் பாக்க ஏலுமா?

ஆனபடியால் ஒண்டும் தெரியாது எண்டு சொல்லுறது சரியில்லை. வாசிக்கிற ஆள்தான் இல்லை.

முத்துநகர் மீனா

ரமணன் அண்ணே, இவ்வளவும் வெளிய கெடந்தும் 2020 நவம்பர்ல அந்த நாடு கடன் கட்ட முடியாம திவாலாச்சே? வெளிநாட்டு வருமானத்துல முக்கால்வாசி கிட்ட காப்பர்தான். அப்ப அந்த அறிக்கை எல்லாம் யாருக்கு?

பம்ப் செந்தில்

மீனா, இதத்தான் நான் சொல்ல வந்தேன், நீங்களே சொல்லிட்டீங்க. அறிக்கை போட்டுட்டா வளம் வந்துடும்னு ஒஸ்லோவுல உக்காந்துட்டு சொல்றது சுலபம். நாடு திவாலானதுக்கு காரணம் கண்டபடி வாங்குன கடன், அதுல பல கடன் ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்குன்னு மத்த கடன்காரங்களுக்கே தெரியல. அப்ப ரகசியம் யார் பக்கம் இருந்துச்சு? சுரங்கத்துக்காரன் பக்கம் மட்டுமா?

அடுத்தது வரி. இந்த லிஸ்ட்ட பாருங்க, ஒரு கம்பெனி எப்படி 20 வருஷத்துக்கு பிளான் போடும்? ராயல்டி 0.6ல இருந்து 3, 2012ல 6, 2015 ஜனவரியில திடீர்னு திறந்தவெளி சுரங்கத்துக்கு 20 சதவீதம், நிலத்தடி சுரங்கத்துக்கு 8. பேரிக் கம்பெனி லும்வானா சுரங்கத்த மூடறோம்னு சொல்லிட்டான், ஆயிரக்கணக்கான பேரு வேலை போகப் போகுதுன்னு ஊரே அரண்டுச்சு, உடனே அதே வருஷம் நடுவுல 9ன்னு இறக்குனாங்க. 2016ல விலைக்கு ஏத்த மாதிரி 4ல இருந்து 6. 2019ல ஐந்தரையில இருந்து 10 வரைக்கும் ஏத்தி, போதாக்குறைக்கு அந்த ராயல்டிய செலவுக் கணக்குல கழிக்கவும் கூடாதுன்னாங்க. 2022ல திரும்ப கழிச்சுக்கலாம்னாங்க. இது அத்தனையும் வெளிப்படையாதான் நடந்துச்சு, பட்ஜெட்ல மைக் போட்டு படிச்சாங்க. வெளிப்படையா ஒரு நாட்ட நாசம் பண்ண முடியாதா என்ன.

வாட் (மதிப்புக் கூட்டு வரி) ரீஃபண்ட் கதை இன்னும் மோசம். ஏற்றுமதி பண்ண சரக்கு எந்த நாட்டுல போயி இறங்குச்சோ அந்த நாட்டு இறக்குமதி பத்திரத்த கொண்டுவந்தாதான் ரீஃபண்ட்னு 2013ல இறுக்கிப் பிடிச்சாங்க, ரூல் 18னு சொல்லுவாங்க. 600 மில்லியன் டாலர் கிட்ட முடங்கிப் போச்சு. அந்த சமயத்துல கான்ட்ராக்டர் பில் எல்லாம் மாசக்கணக்குல நிக்கும், அடிபட்டது உள்ளூர்ல வெல்டிங் பட்டறை வச்சிருந்தவன். 2015ல தளர்த்துனதுக்கு அப்புறம்தான் மூச்சு வந்துச்சு.

கணக்குப்பிள்ளை

செந்தில் தம்பி, ரூல் 18 ஏன் வந்துச்சுன்னு சொல்லாம விட்டுட்டீங்களே, அதுலதான் விஷயமே இருக்கு.

ஜாம்பியாவோட ஏற்றுமதிக் கணக்க எடுத்துப் பார்த்தா பாதிக்குப் பாதி காப்பர் சுவிட்சர்லாந்துக்கு போனதா இருந்துச்சு ஒரு காலத்துல. சுவிட்சர்லாந்து இறக்குமதிக் கணக்குல பார்த்தா அந்த காப்பர் வந்து சேரவே இல்ல. சரக்கு லாரியில தார் எஸ் சலாம், டர்பன் போயி அங்கிருந்து ஆசியாவுக்கு கப்பல் ஏறும், இன்வாய்ஸ் மட்டும் சுவிட்சர்லாந்துல இருக்கற டிரேடர் பேருக்கு போகும். இதுவே குற்றம்னு சொல்ல மாட்டேன், உலகத்துல பாதி வியாபாரம் அப்படித்தான். ஆனா உன் நாட்டு மண்ண கடைசியில யாரு என்ன விலைக்கு வாங்குனான்னு உனக்கே தெரியாதுன்னா வரி ஆபீசர் என்னத்த வச்சு கேள்வி கேப்பான்? கம்பெனிங்க என்ன பதில் சொன்னாங்க தெரியுமா? நாங்க டிரேடருக்குத்தான் விக்கிறோம், அவன் யாருக்கு விக்கிறான்னு எங்களுக்கு தெரியாது, பத்திரம் எங்க போயி வாங்கன்னாங்க. அந்த டிரேடர் சில இடத்துல அவங்க தாய்க் கம்பெனியே.

மோபானி வழக்கு ஒன்னு போதும். மோபானி சுரங்கத்துல பெரும்பங்கு அப்போ கிளென்கோர்ங்கற சுவிஸ் சுரங்க, வியாபாரக் கம்பெனி கையில. எடுத்த காப்பர் கிளென்கோரோட சுவிஸ் கம்பெனிக்கே விற்பனை. 2011ல ஒரு ஆடிட் ரிப்போர்ட் கசிஞ்சுது, அரசாங்கம் கிராண்ட் தார்ன்டன்கிட்டயும் இன்னொரு நிறுவனத்துகிட்டயும் குடுத்து பண்ண ஆடிட். செலவு அளவுக்கு மீறி இருக்கு, விற்பனை விலை நம்பற மாதிரி இல்லன்னு அதுல இருந்துச்சு. கிளென்கோர் மறுத்துச்சு, ஆடிட் முறையே தப்புன்னாங்க. அப்புறம் ஜாம்பியா வரித்துறை 2006ல இருந்து 2009 வரைக்குமான விற்பனைய எடுத்து, வெளி ஆளுக்கு வித்த விலையையும் சொந்தக் கம்பெனிக்கு வித்த விலையையும் பக்கத்துல வச்சு காட்டுனாங்க, சொந்தக்காரனுக்கு மட்டும் விலை கம்மி. வித்தியாசத்துக்கு வணிகக் காரணம் இருக்குன்னு மோபானி வாதாடுச்சு. சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு 2020 மே மாசம், வரித்துறைக்கு வெற்றி. தொகை எவ்வளவு? 240 மில்லியன் குவாச்சா, டாலர்ல பார்த்தா 13 மில்லியன் பக்கம். பத்து வருஷத்துக்கு மேல இழுத்து.

இத தோல்வின்னு சிலர் சொல்லுவாங்க. நான் சொல்ல மாட்டேன், ஆப்பிரிக்காவுல ஒரு வரித்துறை இந்த மாதிரி ஒரு கம்பெனிய கடைசி கோர்ட் வரைக்கும் நின்னு ஜெயிச்சது பெரிய விஷயம். ஆனா கவனிங்க, ஜெயிக்க வச்சது ஈஐடிஐ அறிக்கை இல்ல. கம்பெனி உள்ள இருந்த விற்பனைப் பத்திரம்.

முத்துநகர் மீனா

அண்ணாச்சி இது எனக்கு நல்லாவே வெளங்குது. எங்க ஊர்ல உப்பளத்த பங்குக்கு எடுத்தவன் விளைஞ்ச உப்ப மச்சினன் குடோனுக்கு மூட்டை இவ்வளவுன்னு அடிமாட்டு விலைக்கு எழுதிட்டு, நெலத்துக்காரனுக்கு அந்த விலையில பங்கு குடுப்பான். மச்சினன் லாரி லாரியா ஏத்தி வெளிய என்ன விலைக்கு வித்தான்னு நெலத்துக்காரனுக்கு எந்த ஜென்மத்துல தெரியும்?

பம்ப் செந்தில்

உப்புக்கு லண்டன்ல விலை போடற மார்க்கெட் இல்லீங்க, காப்பருக்கு இருக்கு. கேத்தோடா (சுத்திகரிச்ச தகடா) வர்ற காப்பருக்கு லண்டன் மெட்டல் எக்ஸ்சேஞ்ச் விலை தினமும் எல்லாரும் பார்க்கலாம். மச்சினனுக்கு வித்தாலும் விலைய ஒளிக்க முடியாது.

கணக்குப்பிள்ளை

செந்தில் சொல்றது இன்னைக்கு பெருமளவு உண்மை. 2008லயே அதுக்கு சட்டம் போட்டுட்டாங்க, சொந்தக் கம்பெனிக்கு வித்தா நீ என்ன விலை எழுதுனாலும் பரவாயில்ல, வரிக்கு எக்ஸ்சேஞ்ச் விலைதான் கணக்குன்னு. மோபானி வழக்கு அதுக்கு முந்துன பழக்கத்துல இருந்து வந்தது. அதனால விற்பனை விலையில ஓட்டை இப்ப சின்னதாயிடுச்சு.

ஓட்டை அடைஞ்சா தண்ணி வேற பக்கம் போகுமில்ல, அது செலவு பக்கம் போச்சு. தாய்க் கம்பெனிக்கு மேனேஜ்மென்ட் ஃபீஸ், சகோதரக் கம்பெனிக்கிட்ட வாங்குன கடனுக்கு வட்டி, குரூப்ல ஒருத்தன் மூலமா வாங்குன மிஷினுக்கு விலை, இன்சூரன்ஸ். இதுக்கெல்லாம் லண்டன்ல விலைப்பலகை கிடையாது. வட்டிக்கு மட்டும் 2019ல ஒரு உச்சவரம்பு போட்டாங்க, லாபத்துல (வட்டி, வரி, தேய்மானம் கழிக்காத லாபம்) 30 சதவீதத்துக்கு மேல வட்டிய கழிக்க முடியாதுன்னு. நல்ல விதி. மத்ததுக்கு ஒவ்வொரு இன்வாய்ஸா பிடிச்சு உக்காரணும், அதுக்கு மைனிங் தெரிஞ்ச ஆடிட்டர் வேணும், வரித்துறையில நல்லா வேலை கத்துக்கிட்டவன அடுத்த வருஷமே கம்பெனி ரெண்டு மடங்கு சம்பளத்துக்கு தூக்கிட்டுப் போயிடும்.

ரமணன் சார் சொன்ன ஈஐடிஐ அறிக்கைக்கு வர்றேன். கம்பெனி கட்டுனது இவ்வளவு, அரசாங்கம் வாங்குனது இவ்வளவு, ரெண்டும் பொருந்துதுன்னு அது சொல்லும். அரசாங்க ஆளு நடுவுல அமுக்குறத அது பிடிக்கும், அதுக்குத்தான் அத கண்டுபிடிச்சதே. ஆனா கட்டுன வரி எவ்வளவுங்கறதுல இங்க யாருக்கும் சண்டையே இல்லியே. கட்டியிருக்க வேண்டிய வரி எவ்வளவுங்கறதுதான் சண்டை. அந்த நம்பர் எந்த அறிக்கையிலயும் வராது.

டொரொன்டோ ரமணன்

ஐயா சொல்லுறது விளங்குது. ஆனா ஒண்டு சேர்க்க வேணும். கன்சான்ஷியில அரசாங்கத்தின்ர கம்பனிக்கு, ஜெட்சிசிஎம்-ஐஎச், 20 வீதம் பங்கு இருந்தது, இருக்கு. பங்கு எண்டால் லாபத்தில ஈவு வர வேணும். சின்னப் பங்காளிக்கு ஈவு எப்ப வரும், பெரிய பங்காளி அறிவிச்சால்தான் வரும். அதால வருசக் கணக்கில பிணக்கு. கடைசியா 2022 முடிவில என்ன செய்தவை எண்டால், ஈவு வேண்டாம், அதுக்குப் பதிலா மொத்த விற்பனையில 3.1 வீதம் ராயல்டியா தாங்கோ எண்டு ஒப்பந்தத்தை மாத்திப்போட்டினம்.

பங்குதாரரா எனக்கு அது பெரிய சந்தோசமில்லை, ஆனா ஜாம்பியாக்காரனா இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பன். லாபத்தை எப்பிடியும் எழுதலாம், விற்பனையை ஒளிக்கிறது கஷ்டம். ஐயா சொன்ன செலவுப் பிரச்சினையை அவை அறிக்கை போட்டுத் தீர்க்கேல்ல, எதை அளக்கிறது எண்டதை மாத்தித் தீர்த்தவை.

பம்ப் செந்தில்

அது அவ்வளவு சுலபம் இல்ல ரமணன். விற்பனையில எடுக்கற ராயல்டிக்கு பாவம் புண்ணியம் தெரியாது. கன்சான்ஷி மாதிரி மேலாப்புல திறந்து வெட்டுற சுரங்கத்துக்கு 3, 5, 8ன்னு என்ன போட்டாலும் தாங்கும். கொங்கோலா மாதிரி ஆயிரம் மீட்டர் கீழ தண்ணியில நின்னு வெட்டுறவனுக்கு விலை விழுந்த வருஷத்துல நஷ்டத்துல இருக்கும்போதும் அதே சதவீதம் கட்டணும். அவன் மூடிட்டு போயிடுவான். காப்பர்பெல்ட்ல ஒரு சுரங்கம் மூடுனா அந்த ஊரே மூடுன மாதிரி, ஆஸ்பத்திரி ஸ்கூல் எல்லாம் ஒரு காலத்துல சுரங்கக் கம்பெனிதான் நடத்துச்சு. அதனாலதான் லாபத்துல வரி போடணும்னு சொல்றது. லாபத்துல போட்டா ஒளிப்பான், விற்பனையில போட்டா மூடுவான். இதுக்கு வெளிப்படைத்தன்மை என்ன பதில் வச்சிருக்கு?

கணக்குப்பிள்ளை

நல்ல கேள்வி. பதில் இருக்கு, ஆனா உங்களுக்கு பிடிக்காது. சுரங்கம் வாரியா செலவுக் கணக்க வெளியிட வச்சா எது கஷ்டத்துல இருக்கற சுரங்கம், எது நடிக்கிற சுரங்கம்னு தெரிஞ்சிடும். பம்பு கரண்ட் பில் உண்மையிலயே அவ்வளவுன்னா காட்டட்டுமே.

பம்ப் செந்தில்

அப்படியே போட்டியாளனுக்கும் காட்டட்டும் 🙂 எந்த நாட்டுல எந்த கம்பெனி டன்னுக்கு என்ன செலவுன்னு பிரிச்சு மேய்ஞ்சு போடுது?

டொரொன்டோ ரமணன்

பங்குச்சந்தையில இருக்கிற கம்பனி எல்லாம் போடுது தம்பி. சுரங்கம் சுரங்கமா ஒரு இறாத்தலுக்கு என்ன செலவு எண்டு காலாண்டுக்கு காலாண்டு போடுவினம், இல்லாட்டி நாங்கள் பங்கு வாங்க மாட்டம். முதலீட்டாளருக்கு சொல்லுறதை அந்த நாட்டு சனத்துக்கு சொல்லுறதில என்ன நட்டம்? பிரச்சினை பங்குச்சந்தையில இல்லாத கம்பனியளோட. வேதாந்தா ரிசோர்சஸ் 2018ல லண்டன் சந்தையில இருந்து விலகினது. சீனக் கம்பனி, எமிரேட்ஸ் கம்பனி எல்லாத்திலயும் இப்பிடிப் பாக்க ஏலாது.

முத்துநகர் மீனா

நீங்க மூணு பேரும் வரி வரின்னே பேசுதீங்க. காசு கணக்கு மட்டும் வெளிய வந்தா போதுமா? தண்ணி கணக்கு?

சிங்கோலா கிராமத்து சனம் ஆத்துத் தண்ணி கெட்டுப் போச்சு, பயிரு போச்சுன்னு கேசிஎம் மேலயும் வேதாந்தா மேலயும் லண்டன்ல கேஸ் போட்டாங்க. இங்க விசாரிக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணவே 2019 ஏப்ரல் வரைக்கும் ஆச்சு, இங்கிலாந்து சுப்ரீம் கோர்ட் விசாரிக்கலாம்னு சொல்லிட்டு. 2021 ஜனவரியில 2571 பேருக்கு சமரசம், பொறுப்ப ஒத்துக்காம. எவ்வளவு தொகை? ரகசியம். கெட்டது யாரு தண்ணி, ரகசியம் யாருக்கு?

இப்ப 2025 பிப்ரவரி 18 நடந்தத பாருங்க. சினோ மெட்டல்ஸ்னு சீனக் கம்பெனியோட கழிவுக் குட்டை கரை உடைஞ்சு அமிலத் தண்ணி ஓடையில எறங்கி காஃபுவே ஆத்துல கலந்துச்சு. கம்பெனி சொன்ன கணக்கு 50 மில்லியன் லிட்டர். கிட்வேன்னு பல லட்சம் பேரு இருக்க நகரத்துல குழாய்த் தண்ணிய நிப்பாட்டிட்டாங்க. பாதிப்ப அளக்க கம்பெனியே ஒரு ஆய்வு நிறுவனத்த வச்சுது, அவங்க ரிப்போர்ட் முடிக்கப் போற நேரத்துல ஒப்பந்தத்த ரத்து பண்ணிட்டாங்க. அந்த நிறுவனம் சொல்லுது, வெளிய வந்தது பதினஞ்சு லட்சம் டன் கழிவுன்னு. கம்பெனி சொல்லுது, அவங்க ஒப்பந்தத்த மீறுனாங்க அதான் நீக்குனோம்னு. யாரு சொல்லுதது சரின்னு நான் தீர்ப்பு சொல்லல. ஆனா 50 மில்லியன் லிட்டர்னா ஐம்பதாயிரம் டன் தண்ணி, பதினஞ்சு லட்சம் டன் எங்க இருக்கு, இது எங்க இருக்கு? முப்பது மடங்கு. மீன் புடிச்சு சாப்பிடலாமா வேண்டாமான்னு ஆத்தோரத்துல இருக்கவன் எத நம்புவான்?

எங்க ஊர்ல 2018 மே மாசம் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்துல 13 பேரு போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல செத்தாங்க. அதுக்கு முன்னால வருஷக் கணக்குல சனம் கேட்டுட்டு இருந்தது காத்துல என்ன இருக்கு, நெலத்தடித் தண்ணியில என்ன இருக்குன்னு. கேட்ட அன்னைக்கே நம்பற மாதிரி ஒரு ஆளு அளந்து சொல்லியிருந்தா.. சரி விடுங்க, அது இந்த திரிக்கு வெளிய.

பம்ப் செந்தில்

மீனா, கழிவுக் குட்டை விஷயத்துல உங்களோட சண்டை போட மாட்டேன். குட்டைக் கரை அளவீடு, நீர்மட்டம், அமிலத்தன்மை இதெல்லாம் வியாபார ரகசியமே இல்ல, தினமும் எடுக்கற ரீடிங்தான், ஒரு போர்டுல எழுதி ஊர் பஞ்சாயத்துல தொங்கவிடலாம்.

ஆனா அரசாங்கத்தையும் அதே தராசுல வைங்க. 2019 மே மாசத்துல இருந்து அஞ்சு வருஷம் கேசிஎம் லிக்விடேட்டர் கையில இருந்துச்சே, அந்த காலத்துல எவ்வளவு காப்பர் எடுத்தாங்க, யாருக்கு வித்தாங்க, காசு எங்க போச்சுன்னு மாசாமாசம் யாராவது மக்களுக்கு சொன்னாங்களா? உள்ளூர் சப்ளையர்களுக்கு பாக்கி மலையா ஏறிப்போச்சு, வேதாந்தா திரும்ப வர்றப்போ 250 மில்லியன் டாலர் உள்ளூர் கடன்காரங்களுக்கு குடுக்கறதா ஒப்புக்கிட்டதுலயே அளவு தெரியும். மோபானிய 2021ல அரசு கம்பெனி ஒரு டாலருக்கு வாங்குச்சு, கேக்க நல்லா இருக்கு, கூடவே கிளென்கோருக்கு குடுக்க வேண்டிய ஒன்றரை பில்லியன் டாலர் கடனையும் தலையில ஏத்திக்கிட்டாங்க. மூணு வருஷத்துல எமிரேட்ஸ் கம்பெனிய கூப்பிட்டு 51 சதவீதத்த குடுத்தாங்க, 1.1 பில்லியன் டாலர் டீல். அந்த ஏலம் எப்படி நடந்துச்சு, தோத்தவன் என்ன விலை சொன்னான்? இப்ப 2031க்குள்ள வருஷம் 30 லட்சம் டன் எடுக்கப் போறோம்னு ஜாம்பியா அரசாங்கம் சொல்லுது, 2024ல எடுத்தது எட்டு லட்சம் டன் சொச்சம். அவ்வளவுக்கு லைசென்ஸ் குடுக்கற வேகத்துல என்னென்ன கையெழுத்து ஆகுதோ.

கணக்குப்பிள்ளை

இதுல செந்திலுக்கு என் ஓட்டு. ஈஐடிஐ விதிப்படி 2021 ஜனவரி 1க்கு அப்புறம் போடற, மாத்தற சுரங்க ஒப்பந்தத்த எல்லாம் உறுப்பு நாடு வெளியிட்டே ஆகணும். உண்மையான முதலாளி யாருங்கறதும் அதுக்கு முந்துன வருஷத்துல இருந்து கட்டாயம். அதனால மோபானி, கேசிஎம் ரெண்டையும் பத்தி யாராவது கேக்க நினைச்சா கையில ஆயுதம் இருக்கு, இன்னொரு 0.6 கதை ஆகக் கூடாதுன்னா இப்பவே கேக்கணும். ஒப்பந்தம் மட்டும் போதாது, அதோட இணைப்பா வர்ற விற்பனை ஒப்பந்தம் வேணும். புது முதலாளி காப்பர யாருக்கு, எவ்வளவு தள்ளுபடியில, எத்தனை வருஷத்துக்கு குடுக்கப் போறான்னு அதுலதான் இருக்கும். அதத்தான் எந்த நாடும் வெளியிட தயங்குது.

பம்ப் செந்தில்

அத கேட்டா எவனும் வர மாட்டான் சார்.

கணக்குப்பிள்ளை

ராயல்டி 3 ஆகுறப்பவும் அதான் சொன்னாங்க, 6 ஆகுறப்பவும் அதான் சொன்னாங்க தம்பி. 20க்குத்தான் நிஜமாவே கெளம்பப் பார்த்தான்.

டொரொன்டோ ரமணன்

நான் ஒரு வேலை செய்யிறன். கன்சான்ஷிக்கு எஸ்ட்மா அறிக்கையில இருக்கிற தொகையையும் ஜாம்பியா ஈஐடிஐ அறிக்கையில அதே சுரங்கத்துக்கு இருக்கிற தொகையையும் எடுத்து, கம்பனி காலாண்டு அறிக்கையில சொன்ன உற்பத்தியோட ஒரு அட்டவணையில போட்டு இஞ்ச ஏத்துறன். அதில இருந்து ஐயா எங்க இடிக்குது எண்டு சொல்லட்டும்.

பம்ப் செந்தில்

போடுங்க. உற்பத்தி போடும்போது ஸ்மெல்டர்ல (உருக்காலையில) வெளி ஆளோட கான்சன்ட்ரேட் (செறிவாக்குன தாது) உருக்குனது எவ்வளவு, சொந்தத் தாது எவ்வளவுன்னு தனியா பிரிச்சு போடுங்க, அத கலந்துட்டா டன்னும் வரியும் எந்த காலத்துலயும் பொருந்தாது, அப்புறம் மீனா வந்து திருட்டும்பாங்க.

முத்துநகர் மீனா

பிரிச்சே போடட்டும் செந்திலண்ணே. பிரிச்சப்புறமும் பொருந்தலைன்னா திருட்டுன்னுதான் சொல்லுவேன். அட்டவணையில கடைசியா ஒரு கட்டம் விட்டு வைங்க ரமணன் அண்ணே, ஊர் நிர்வாகத்துக்கு போயி சேந்தது எவ்வளவுன்னு. அதுல என்ன எழுதுதீங்கன்னு பாக்கத்தான் நான் காத்துட்டு இருக்கேன்.